மருந்தாளுநர் தடுப்பூசி போடலாகாது என்னும் மருத்துவப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட மருத்துவர் பெருமக்களுக்கு வணக்கம்.

பெரியவர்களுக்கான தடுப்பூசியைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களும் போட அனுமதிக்கலாமா என்ற பேச்சு சென்ற மாதக் கூட்டத்தில் எழுந்தபோது, "கடைக்காரர் கையில் ஊசியைக் கொடுத்தால் என்ன ஆகும்?" என்று உங்களில் ஒருவர் கேட்டதும், அரங்கம் சிரித்ததும் நீங்கள் அறிந்ததே. உசிலம்பட்டிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் நானும் பின்வரிசையில்தான் இருந்தேன். அனுமதிக்கலாம் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்போது என்ன ஆகிறது என்று சொல்கிறேன். நிமோனியா தடுப்பூசியை வாங்கி வரச்சொல்லி மருத்துவர் எழுதிய சீட்டோடு, சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவர் சித்திரை வெயிலில் கடைக்கு வந்தார். காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்து, 2 முதல் 8 டிகிரிக்குள் நான் காத்துவந்த மருந்து அது. உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதால், ஐஸ் பையில் நேராகப் படாதபடி நடுவில் அட்டை செருகி, தெர்மகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். பஸ் ஏறி மதுரைக்குப் போனவர், பெட்டியை மடியில் வைத்தபடி இரவுவரை கிளினிக் வாசலில் காத்திருந்தும் மருத்துவர் வரவில்லை. மறுநாள் என்னிடமே கொண்டுவந்தார். ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. அந்த மருந்தை அவருக்கும் போட முடியாது, நானும் திரும்ப வாங்க முடியாது.

ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டால் யார் பார்ப்பது என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அட்ரினலின் கொடுக்கவும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனிக்கவும் நீங்களே கற்றுக்கொடுங்கள். தேர்வு வைத்து, தேறாதவரை ஒதுக்குங்கள். இங்கிலாந்தில் 2015 முதல் அரசுத் திட்டத்திலேயே மருந்துக்கடைகளில் ஃபுளூ தடுப்பூசி போடுகிறார்கள். சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டுக் கடைப்பக்கமே எட்டிப்பார்க்காதவர்கள் எங்களில் உண்டு. அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தால் முதலில் மகிழ்பவர்கள் நாங்கள். ஆனால், மருத்துவர் உள்ளே இருக்க, எந்தப் படிப்பும் இல்லாத உதவியாளர் வெளியே ஊசி போடும் கிளினிக்குகளைப் பற்றி எந்த அரங்கமும் சிரித்ததாக நான் கேள்விப்படவில்லை. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி பதிவு பெற்ற எங்களைவிட அவருக்குக் கைராசி அதிகம் போலும்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. குழந்தைகளுக்கான தடுப்பூசி புதன்கிழமைதோறும் செவிலியர் கையில் செவ்வனே நடக்கிறது. அதை நாங்கள் கேட்கவில்லை. பெரியவர்களுக்கான தடுப்பூசியை மட்டும் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் போடலாம் என்று அரசுக்கு எழுதுங்கள். மனமில்லையெனில், எதிர்த்தாவது எழுதாதீர்கள். அடுத்த கூட்டத்தில் எங்கள் தரப்பில் ஒருவர் பேசப் பத்து நிமிடம் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்