பில்டரைக் குத்திவிடாதே, மச்சான்

கடலூர் முதுநகர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சின்னவன் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நைட் ஷிப்ட் அவனை வாட்டுகிறது, ஆனாலும் வேலை பிடித்திருக்கிறதாம்.

சரி, உன் வேனுக்கு வருகிறேன். ஆயில் பில்டர் அசையவே இல்லை, ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பிவிடவா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பில்டரின் வெளிக்கூடு மெல்லிய தகடு. குத்தித் திருகினால் பல நேரம் தகடுதான் கிழியும், பில்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் பிடித்துத் திருப்ப ஒன்றும் மிஞ்சாது, வண்டியையும் எடுக்க முடியாது. தானே புயலில் வேப்பமரம் சாய்ந்தும் தப்பிய வண்டி அது, அதை இப்படி முடக்கிப் போடாதே.

போன முறை மாட்டியவர் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவாமல், ஸ்பேனர் போட்டு முறுக்கியிருப்பார். இன்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு நம் பக்கத்து உப்புக்காற்றில் கூடும் துருவேறிவிடும்.

இன்ஜினை 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்து. சூட்டில் பிடிப்பு கொஞ்சம் இளகும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு ஆயிலை வடித்துவிட்டு, கூட்டின் பிசுக்கை நன்றாகத் துடை. உப்புத்தாளின் சொரசொரப்பு கூட்டில் படும்படி சுற்றி, அதன் மேல் பெல்ட் ஸ்பேனரை, அதாவது பட்டையைச் சுற்றிப் பிடித்துத் திருப்பும் ஸ்பேனரைப் போடு. இன்ஜினை ஒட்டிய அடிப்பக்கத்தில் போடுவதுதான் முக்கியம். கூடு அங்கேதான் உறுதி, நுனியில் போட்டால் நசுங்கிவிடும். கீழே படுத்துப் பில்டரின் நுனியை நேராகப் பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். மேலிருந்து எட்டிக் கைவிடுபவர்கள் திசை குழம்பி இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் வண்டிக்கு அடியில் போகாதே. ஸ்டாண்டு கொடு, சக்கரத்துக்குக் கல் வை.

இதற்கும் மசியவில்லை என்றால், இன்ஜினை ஒட்டிய பில்டரின் அடித்தட்டு விளிம்பில் உளியை வைத்து அதே திசையில் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டு. பில்டரின் ரப்பர் வளையம் உட்காரும் இன்ஜின் முகத்தில் உளி படக்கூடாது. அங்கே கீறல் விழுந்தால் புதுப் பில்டர் போட்டாலும் ஒழுகும்.

கழன்றதும் பழைய ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று தடவிப் பார். அது இன்ஜினில் ஒட்டியிருக்க, மேலே புதுசை மாட்டினால் ஆயில் மொத்தமும் கொட்டிவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கு. கூட்டின் மேல் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய். ஸ்பேனரைத் தொடாதே.

சனிக்கிழமை சின்னவன் பாண்டிக்கு வருகிறான். என் பெல்ட் ஸ்பேனரை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், அதுவரை பொறு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்