பதினெட்டு வயதுக்குப் பிறகும் மைதானம் திறந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி மாவட்ட விளையாட்டரங்கில் நடந்த போட்டிகளின் படத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழ் முதல் பக்கத்தில் வெளியிட்டிருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் மென்பந்து எறியும் காட்சி அது. அவர்களை 'மனநோயாளிகள்' என்று தவறாகக் குறிப்பிடாமல் சரியான சொல்லால் எழுதியதற்கு முதலில் என் நன்றி. அந்த ஒரு சொல் எங்களைப் போன்ற பெற்றோரை எத்தனை முறை காயப்படுத்தியிருக்கிறது என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் படத்தை மறுபடி மறுபடி பார்த்தபோது ஒன்று மனத்தை உறுத்தியது. அதில் இருந்தவர்கள் அனைவரும் பள்ளிச் சீருடை அணிந்த சிறுவர் சிறுமியர். வளர்ந்தவர் ஒருவரைக்கூட நான் காணவில்லை.

என் மகனுக்கு வயது இருபத்தேழு. உடல், அறிவு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாட்டுடன் பிறந்தவன். இத்தகைய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். அவனுக்கும் இருந்தது, மூன்றாம் வயதில் அறுவை சிகிச்சை செய்து சரிசெய்தார்கள். தசைகள் தளர்ந்திருந்ததால் நடக்கவே இரண்டரை வயதாயிற்று. பக்கத்திலிருந்த சாதாரணப் பள்ளியில்தான் முதலில் சேர்த்தோம். அங்கே விளையாட்டு நேரம் வந்தால் மற்றப் பிள்ளைகள் ஓடுவார்கள். இவனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து அவர்களுடைய செருப்புகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, விழுந்துவிடுவான் என்ற பயம்தான். அந்தப் பயம் எனக்கும் இருந்ததால் நானும் கேள்வி கேட்கவில்லை. அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

பின்னர் சேர்ந்த சிறப்புப் பள்ளியில்தான் அவன் ஓடத் தொடங்கினான். ஓடவிடும் முன் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டும் உறுதியாகப் பொருந்தியிராது என்பதும், அவர்கள் குட்டிக்கரணம் அடிப்பதும் தலைகீழாக நீரில் பாய்வதும் ஆபத்து என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மகனுக்கு அந்தக் குறை இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பயத்துக்கு மருந்து மரத்தடி அல்ல, முறையான பரிசோதனை என்று அன்று புரிந்துகொண்டேன்.

பதின்மூன்று வயதில் அவனுடைய முதல் ஐம்பது மீட்டர் ஓட்டம். நான் பாதி வழியில் கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தேன். நன்றாக ஓடி வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்று, கயிற்றுக்கு அடியில் நுழைந்து வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். சிறப்பாசிரியர் அவனைக் கடியவில்லை, என்னிடம்தான் சொன்னார்: "நீங்க நிக்கிற இடத்துலதாம்மா அவன் ஓட்டம் முடியும். கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க." அடுத்த முறை முடிவுக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். அதற்கடுத்த ஆண்டு மைதான வாயிலில் நின்றேன். பிறகு பேருந்து நிறுத்தத்தோடு என் பயணம் முடிந்தது. இப்போது அவன் நகரப் பேருந்தில் தனியாகப் போய் வருகிறான். நான் வீட்டு வாசலில் நிற்கிறேன். ஓட்டம் அவனுக்கு எதைக் கொடுத்தது என்று யாராவது கேட்டால் பதக்கங்களைக் காட்டுவதில்லை, இந்தத் தூரத்தைத்தான் சொல்கிறேன்.

பதினெட்டு முடிந்தபோது பள்ளி அவனுக்கு மாலை போட்டு வழியனுப்பியது. அடுத்த இரண்டு ஆண்டுகள் அவன் தொலைக்காட்சி முன்னால் கழித்தான். பதினாறு கிலோ எடை கூடியது, தைராய்டு மாத்திரையின் அளவு கூடியது, குறட்டையால் இரவுத் தூக்கம் கெட்டது. எல்லாவற்றையும்விட, பேச்சைக் குறைத்துக்கொண்டான். பேச அவனுக்குச் செய்தி ஏதும் இல்லை. முன்பெல்லாம் மாலையில் வந்து யார் முதலில் வந்தார்கள், யார் காலணியை மறந்தார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லுவான்.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழப் பதினைந்து லட்சம் பேர். மருத்துவ முன்னேற்றத்தால் இவர்களின் ஆயுள் நீண்டிருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1983 வாக்கில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருந்தது. இன்று அறுபதை எட்டியிருக்கிறது. அப்படியானால் வாழ்நாளின் பெரும்பகுதி பள்ளிக்குப் பிந்தியதுதான். நம் ஏற்பாடுகளோ பள்ளி வாசலோடு நின்றுவிடுகின்றன. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழக அரசு வழங்குகிறது. அது பேருதவிதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடத்தை அந்தத் தொகை தராது.

சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்விக்கான உரிமையைக் கொடுக்கிறது. அதற்கு முந்தைய 30ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்றும், விளையாட்டு அமைப்புகள் அவர்களைத் தம் திட்டங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறும் அந்தப் பிரிவில் வயது வரம்பே இல்லை. கல்விக்கு வரம்பு வைத்த சட்டம் விளையாட்டுக்கு வைக்கவில்லை. அந்த வரம்பை நடைமுறையில் நாமே வைத்துக்கொண்டோம்.

1968 ஜூலையில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கெனத் தொடங்கிவைத்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டு இயக்கத்திலும் எட்டு வயது நிறைந்தால் போட்டியிடலாம், மேல் வரம்பு கிடையாது. அங்கே வயது, பாலினம், திறன் ஆகிய மூன்றையும் பார்த்து ஒத்தவர்களை ஒரு பிரிவாக்குவார்கள். ஐம்பது மீட்டரைப் பத்து நொடியில் ஓடுபவனும் இருபது நொடியில் ஓடுபவனும் ஒரே கோட்டில் நிறுத்தப்படுவதில்லை. அதனால் தோல்வியும் நியாயமான தோல்வியாக இருக்கிறது. தோற்கப் பழகியது என் மகனுக்கு வெல்லப் பழகியதைவிட அதிகம் பயன்பட்டிருக்கிறது என்பேன். 2023இல் பெர்லினில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் கலந்துகொண்ட உலகப் போட்டியில் இந்தியா 202 பதக்கங்கள் பெற்றது. அவை பெரியவர்களும் ஓடுகிறார்கள், ஓட முடியும் என்பதற்குச் சான்று.

வாய்ப்பு மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடுள்ளோர் பிரிவில் தங்கம் வென்ற ஸ்பெயின் கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்பது பின்னர் வெளிவந்தது. அந்த மோசடிக்காக அறிவுசார் குறைபாடுள்ள வீரர்கள் அனைவருமே 2012 லண்டன் போட்டி வரை வெளியே நிறுத்தப்பட்டார்கள். கதவு மறுபடி திறந்ததால்தான் தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தில் கல்லெடா கிராமத்துக் கூலித் தொழிலாளர் வீட்டுப் பெண்ணான தீப்தி ஜீவன்ஜி, 2024 பாரிஸில் 400 மீட்டரை 55.82 நொடிகளில் ஓடி வெண்கலம் வாங்க முடிந்தது. சிறுவயதில் ஊராரின் ஏச்சுக்கு ஆளான அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது இருபது. பதினெட்டோடு அவரை வீட்டில் உட்காரவைத்திருந்தால் அந்தப் பதக்கம் ஏது?

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் முயற்சியால் என் மகனும் அவனைப் போன்ற ஐந்து பேரும் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். அவன் எண்ணிக்கை மறந்துவிடுவான் என்பதால் இடப்பக்கச் சட்டைப்பையில் நான்கு புளியங்கொட்டைகளைப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை வலப்பக்கம் மாற்ற வேண்டும். இடப்பை காலியானால் ஓட்டம் முடிந்தது. அந்தப் பழக்கத்தை அவன் வேலைக்கும் கொண்டுபோய்விட்டான்: ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களை நூறு நூறாகக் கட்டுகிறான், பத்து எண்ணியதும் ஒரு கொட்டையை எடுத்து வைப்பான். கட்டில் ஒன்று கூடியதோ குறைந்ததோ இல்லை என்று முதலாளி சொல்கிறார்.

ஆனால் நாங்கள் பயன்படுத்திய பொது மைதானத்தில், நடைப்பயிற்சிக்கு வருவோருக்கு இடைஞ்சல் என்று சொல்லி ஆறு மாதத்தில் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஆற்றங்கரைச் சாலையில் ஓடுகிறார்கள். மணல் லாரிகள் போகும் சாலை அது.

எனவே நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாவட்ட விளையாட்டரங்கிலும் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், பள்ளி வயது கடந்த அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கென எழுத்துப்பூர்வமாக ஒதுக்கப்பட வேண்டும். பயிற்றுநர் ஒருவர் போதும். உடன் ஓடுவதற்கு நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அனுப்பலாம். குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் முறையை ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஏற்கெனவே நடத்தி வருகிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த டிசம்பர் 3 வரை காத்திராமல், விழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தங்கள் புகைப்படக்காரரை எங்கள் ஆற்றங்கரைச் சாலைக்கு அனுப்புங்கள். மகன் நான்காவது கொட்டையை மாற்ற ஆறு மணி ஆகும். அதுவரை லாரி வருகிறதா என்று பார்த்தபடி பாலத்தடியில் அந்த ஆசிரியர் நின்றிருப்பார்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டக்காரனின் தாய்,
தஞ்சாவூர் மாவட்டம்.