லிஃப்ட் பக்கத்து அறிவித்தலைக் கழற்றுங்கள்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வெள்ளவத்தையில் உங்கள் அடுக்குமாடியில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறேன், பராமரிப்புக் காசு ஒரு மாதமும் பிந்தியதில்லை, அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். எந்த அறிவித்தல் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "வீட்டு வேலையாட்கள் லிஃப்ட் பாவிக்கக் கூடாது." நல்ல தமிழ், ஒரு எழுத்துப்பிழையும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லாமல் நானும் படியால் ஏற வேண்டி வந்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஆறாம் மாடி வீட்டில் வேலை செய்யும் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐந்து கிலோ அரிசி, மரக்கறிப் பை, இரண்டு றாத்தல் பாண். மஸ்கெலியாப் பக்கத்துக்காரர், இருபத்தைந்து வருடம் தேயிலை மலையில் கொழுந்து எடுத்த முழங்கால். "கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போறேன் தம்பி, அம்மாகிட்ட சொல்லிறாதீங்க" என்றார். களைத்து உட்கார்ந்ததற்கே பயம். எனக்கு அன்று ஒரு நாள்தான் கரண்ட் இல்லை, அவருக்கு எல்லா நாளும் அப்படித்தான்: காலையில் பாண், பிறகு சந்தை, பிறகு குப்பை, பின்னேரம் நாயை நடக்கக் கூட்டிப்போவது. நாயோடு போகும்போது மட்டும் லிஃப்டில் ஏறலாமாம். நாய் வீட்டுக்காரரின் நாய் அல்லவா.

கேற்றில் நிற்கும் மொனராகலைப் பொடியன்தான் அவரை லிஃப்டிலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது. அவனைத் திட்டவும் மனம் வரவில்லை, அவனுக்கும் இங்கே ஒழுங்கான கழிப்பறை இல்லை.

நானும் அதே மலையகத்துப் பொகவந்தலாவைக்காரன்தான். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு ஒஃபிஸ் போவதால் என்னை யாரும் பின்படிக்கட்டுக்கு அனுப்பவில்லை.

தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

உங்களில் பலர் யுத்த காலத்தில், தமிழர் என்பதால், இதே கொழும்பில் பொலிஸ் பதிவுத் துண்டோடு அலைந்தவர்கள். 2007 யூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் இருந்த தமிழரை, கொழும்பில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டு பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் எனக்கு முதலே உங்களுக்குத் தெரியும். அப்போது பட்ட அவமானத்தை இப்போதும் கதைகதையாகச் சொல்வீர்கள். சரி, அப்படியானால் இந்த அக்காவுக்குக் கொழும்பில் எந்தப் பக்கம் வாசல்?

1871இல் வெள்ளைக்காரன் வீட்டு வேலையாட்களைப் பதிய ஒரு சட்டம் கொண்டுவந்தான், அன்றைக்கு லிஃப்ட் இருந்திருந்தால் இதையும் எழுதியிருப்பான். தோட்டத்தில் துரை பங்களாவுக்குப் பின்வாசலால் போய்வந்த சனம் இங்கே வந்தும் பின்படிக்கட்டால் ஏறுகிறது. மலையகச் சனம் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடமானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 'மலையகம் 200' நடைபயணம் போனபோது நம் வட்ஸ்அப் குழுவில் எத்தனை கைகூப்பும் படங்கள்! அவ்வளவு தூரம் நடந்தவர்களுக்குக் கைகூப்பிவிட்டு, ஆறு மாடி ஏறுகிறவரைப் பார்க்காமல் போகிறோம்.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். சம்பளம், லீவு, சேமலாப நிதி எல்லாம் வீட்டுக்காரரோடு கதைக்க வேண்டிய விடயம், அதை இங்கே கொண்டுவரவில்லை. குழுவிடம் நான் கேட்பது அந்தப் பலகையைக் கழற்றுவதை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன். நாலு ஸ்க்ரூ ஆணிதான், ஸ்க்ரூ ட்ரைவர் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நாலாம் மாடி வாடகைக்காரன்