விலை அதிகம் கொடுத்தவனுக்கு வயர்

கோயம்புத்தூர்,
19.01.2026

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவை,
பயணிகள் கார் பிரிவு

பொருள்: காரின் திரை ஓட்டத்தில் அணைந்து போவது, நான்கு முறை சர்வீஸுக்கு விட்டும் சரியாகாதது, அடுத்த மாதம் வாரண்டி முடிவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். 2003-ல் என் அப்பா வாங்கிய முதல் கார் உங்கள் கம்பெனியுடையது. 2013-ல் நான் வாங்கியதும் உங்களுடையதுதான். 2023 பிப்ரவரியில் வாங்கியது மூன்றாவது. இடைப்பட்ட இருபது வருடத்தில் வேறு கம்பெனி ஷோரூம் படியை நாங்கள் ஏறியதில்லை. சலுகை கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் ஒரு கணக்கு வரும், அதற்கு இது தேவைப்படும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நிட்டிங் மெஷின் ஊசியும் உதிரிபாகங்களும் விற்பது என் தொழில். வீடு புலியகுளத்தில். வாரத்தில் ஆறு நாள் திருப்பூர் போய் வருகிறேன். அங்கே ஒரு மெஷின் நின்றால் அடுத்த நிமிடம் எனக்குப் போன் வரும், எடுக்காவிட்டால் ஆர்டர் அடுத்தவருக்குப் போய்விடும். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுப்பதும் முடியாது. அதனால் புதுக் கார் பார்க்கும்போது மைலேஜுக்கு அடுத்து நான் கேட்ட கேள்வியே, "போன் ஒழுங்காகக் கனெக்ட் ஆகுமா?" என்பதுதான். அப்பா காலத்தில் அந்த இடத்தில் "ஸ்பேர் கிடைக்குமா?" என்று கேட்பார்கள்.

உங்கள் டீலர் 10.25 இன்ச் திரை உள்ள டாப் வேரியன்ட்டைக் காட்டினார். போனில் இருப்பதைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே இரண்டும் உண்டு என்றார். உண்டுதான். ஆனால் வயர் போட்டால்தான் உண்டு. அதே காரில், ஒன்றரை லட்சம் குறைந்த வேரியன்ட்டில், 8 இன்ச் திரையில் அதே வசதி வயர் இல்லாமல் வேலை செய்கிறது! இதை டெலிவரி எடுத்து மூன்று வாரம் கழித்து, என்னிடம் விசாரித்து அந்தக் குறைந்த வேரியன்ட்டை வாங்கிய மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிரோஷரைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர் வண்டிக்கான கட்டத்தில் 'வயர்லெஸ்' என்ற சொல் இருக்கிறது, என் வண்டிக்கான கட்டத்தில் இல்லை. பொய் எழுதவில்லை, ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். டீலரிடம் கேட்டதற்கு, "அப்டேட்டில் வந்துரும் சார்" என்றார். மூன்று வருடமாக அந்த அப்டேட் வந்துகொண்டே இருக்கிறது.

வயர்லெஸ் என்பது பெரிய மந்திரமும் இல்லை. போனும் காரும் புளூடூத்தில் அறிமுகம் செய்துகொள்ளும், அப்புறம் வைஃபையில் படமும் ஒலியும் போகும். மேப், பாட்டு, அழைப்பு எல்லாம் ஓடுவது போனுக்குள்ளேதான். உங்கள் திரை அதைக் காட்டுகிற கண்ணாடி மாதிரி. சின்னத் திரையால் முடிவது பெரிய திரையால் ஏன் முடியவில்லை என்று நான்கு பேரிடம் கேட்டுவிட்டேன். "டாப் எண்டில் இன்பில்ட் நேவிகேஷன் இருக்கே சார்" என்பதுதான் கிடைத்த பதில்.

அந்த இன்பில்ட் நேவிகேஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஊரே அதில்தான் போய் வருகிறது. உங்கள் மேப்புக்கு மட்டும் விஷயம் தெரியாது. கோல்ட்வின்ஸில் ஏறி மேலே வந்துகொண்டிருக்கும்போது லட்சுமி மில்ஸ் சிக்னலில் திரும்பச் சொல்கிறது. திரும்பினால் காற்றில்தான் திரும்ப வேண்டும். போனில் இருக்கும் கூகுள் மேப்ஸ் 2024-லேயே இந்தியாவில் 40 நகரங்களில் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, கீழேயே போக வேண்டுமா என்று சொல்லத் தொடங்கிவிட்டது. அதற்கு நான் தனியாக ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. உங்களுடையதற்கு ஒன்றரை லட்சம் கொடுத்திருக்கிறேன்.

சரி, வயரோடு வாழப் பழகிக்கொண்டேன். உண்மையான தொல்லை 2025 ஜூனில் உங்கள் சர்வீஸ் சென்டர் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட பிறகுதான் தொடங்கியது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, உங்கள் லோகோ வந்து, முழு சிஸ்டமும் முதலிலிருந்து கிளம்புகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் மேப் போய்விடும், பேசிக்கொண்டிருந்த அழைப்பு அறுந்துவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போது நடந்தால் கேமராவும் இல்லை. ஒருமுறை அவிநாசியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியைப் பின்னால் எடுத்தபோது திரை அணைந்து, கடைக்காரர் கத்தியதால் அவருடைய பாய்லர் பிழைத்தது.

முதல் தடவை போனபோது கேபிள் சரியில்லை என்றார்கள், உங்கள் கவுன்ட்டரிலேயே ஒன்று வாங்கினேன். இரண்டாவது தடவை போனை ரீசெட் செய்யச் சொன்னார்கள். செய்தேன், நான்கு வருட வாட்ஸ்அப் போனதுதான் மிச்சம். மூன்றாவது தடவை என் போன், மனைவியின் போன், மகளின் ஐபோன் மூன்றையும் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். மூன்றிலும் திரை அணைந்தது. அதைக் கண்ணால் பார்த்த சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் பதிவுச் சீட்டில், எழுதியது: 'பிரச்சினை காணப்படவில்லை'. நான்காவது தடவை வண்டியை இரண்டு நாள் வைத்திருந்து, கழுவிக் கொடுத்தார்கள். நன்றாகவே கழுவியிருந்தார்கள்.

கார் டெக்கரேஷன் கடையில், வயர் இணைப்பை வயர்லெஸ்ஸாக மாற்றும் டாங்கிள் ஒன்று நான்காயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. போடலாமா என்று கேட்டதற்கு, வெளிப்பொருள் போட்டால் வாரண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அப்படியானால் உள்பொருளுக்காவது பொறுப்பேற்க வேண்டுமல்லவா?

இப்போது முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். கடந்த செப்டம்பர் 22-ல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும், மனைவிக்கு ஒரு ஆட்டோமேட்டிக் எடுக்கலாம் என்று கிளம்பினோம். பழக்க தோஷம், உங்கள் ஷோரூமுக்குத்தான் முதலில் போனோம். சென்னையிலிருந்து தீபாவளிக்கு வந்திருந்த மகள், டெஸ்ட் டிரைவ் வண்டியில் உட்கார்ந்ததும் போனை எடுத்தாள். "டெமோ காரில் கனெக்ட் பண்ண வேண்டாம் மேடம்" என்றார் உங்கள் ஊழியர். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை இன்னொரு கம்பெனி ஷோரூமில் அவர்களாகவே "கனெக்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்றார்கள். ஒரு நிமிடத்துக்குள் அவளுடைய மேப்பும் பாட்டும் திரையில் வந்துவிட்டன. மனைவி என்னைப் பார்த்தாள். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தோம். பானெட்டைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

உங்கள் மேல் கோபம் வந்து நாங்கள் மாறவில்லை. மகளுக்கு உங்கள் பெயர்மேல் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. அவள் பழகியது போனோடு. அது எந்தக் காரில் சண்டை போடாமல் உட்காருகிறதோ அந்தக் கார் அவளுக்கு நல்ல கார். உங்கள் இன்ஜினைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்ஜின் நன்றாக இருப்பதை யாரும் தினமும் கவனிப்பதில்லை. திரை அணைவதைத் தினமும் கவனிக்கிறேன்.

உலகத்தில் பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் கார்பிளேக்கு ஆண்டுக்கு 80 டாலர் வாங்கப் பார்த்து, 2019 டிசம்பரில் அதைக் கைவிட்டது. டொயோட்டா கார்பிளே வேண்டாம் என்று பல வருடம் பிடிவாதமாக இருந்து, 2018-ல் இறங்கி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2023-ல், இனி எங்கள் புது மின்சாரக் கார்களில் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கிடையாது என்று அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அமெரிக்காவில் கார் வாங்குகிறவர்களில் 79 சதவீதம் பேர் கார்பிளே உள்ள காரைத்தான் பரிசீலிப்பார்கள் என்று ஆப்பிள் 2022-ல் சொன்னது. தன் பொருளைத் தானே புகழ்வது என்று அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், மீதி இருப்பது சின்ன எண் இல்லை.

இன்னொன்று. காருக்குள் இருக்கும் சிம் கார்டுக்கான மூன்று வருட இலவசச் சந்தா பிப்ரவரியில் முடிகிறதாம். அதைப் புதுப்பிக்கச் சொல்லி உங்களிடமிருந்து இதுவரை ஐந்து அழைப்புகள் வந்துவிட்டன. புகார் பற்றி ஒரு அழைப்பும் வரவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். பிப்ரவரியில் வாரண்டி முடிவதற்குள் அந்தத் திரையின் முழு யூனிட்டையும் கட்டணமில்லாமல் மாற்றித் தர வேண்டும். மூன்றாவது ஜாப் கார்டில் 'பிரச்சினை காணப்படவில்லை' என்று எழுதியதைத் திருத்தி, புகார் வாரண்டிக் காலத்திலேயே பதிவானது என்று எழுத்தில் தர வேண்டும், இல்லாவிட்டால் மார்ச்சில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வயர்லெஸ் வசதியை அப்டேட்டாகவோ, உங்கள் அங்கீகாரம் பெற்ற அடாப்டராகவோ கொடுங்கள். மேம்பாலம் தெரிந்த மேப்பையும் போட்டுவிடுங்கள். பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான்கு ஜாப் கார்டுகள், கேபிள் பில், பிரோஷரின் அந்தப் பக்கம், திரை அணையும்போது மகள் எடுத்த இரண்டு வீடியோக்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

பேச வேண்டுமென்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் வேண்டாம். அப்போது உங்கள் காரில் இருப்பேன், அழைப்பு பாதியில் அறுந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் மூன்று கார்களின் வாடிக்கையாளர்