கடைசி ரீலில் திருந்திவிடும் படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அன்றைக்குப் போனில் அந்தக் காமெடிப் படத்தைப் பற்றிப் பேசும்போது, கடைசி அரைமணி நேரம் சொதப்பிவிட்டதால் மொத்தப் படமே வேஸ்ட் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒன்றும் சினிமா தெரிந்தவன் இல்லை. திரைக்கதை இலக்கணம் என்றெல்லாம் கேட்டால் முழிப்பேன். சிரிக்கலாம் என்று வந்து உட்காருகிறவன், அவ்வளவுதான். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: காமெடிப் படம் பாதியில் அறுந்து நின்றால்கூட எனக்குச் சம்மதம். கடைசியில் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிடுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

உனக்கே தெரியும், ஒருத்தன் ஆள்மாறாட்டம் செய்வான், பொய்க்கு மேல் பொய்யாக அடுக்குவான். அவன் மாட்டிவிடக் கூடாதே என்று நாமும் அவன் பக்கம் நின்று சிரிப்போம். முடிவு நெருங்கியதும் பின்னணியில் வயலின் அழ ஆரம்பிக்கும். அவன் எல்லார் முன்னாலும் நின்று பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று பிரசங்கம் செய்வான். அதுவரை உளறிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தத்துவம் பேசுவார். அது இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது குடோன். கதாநாயகியைத் தூணில் கட்டிவைத்திருப்பார்கள். இவ்வளவு நேரம் வாயால் பிழைத்தவன், திடீரென்று பத்துப் பேரைப் பறக்கவிடுவான். அடிக்கத் தெரிந்தவனுக்கு அவ்வளவு பொய் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சிரித்ததற்கு நம்மிடமே அபராதம் வசூலித்து அனுப்புவது போல இருக்கும் எனக்கு.

1981-இல் வந்த ‘தில்லு முல்லு’வை எடுத்துக்கொள். மீசையில்தான் மனிதனின் யோக்கியதை இருக்கிறது என்று நம்பும் முதலாளி தேங்காய் சீனிவாசன். மீசையோடு ஒரு ஆளாகவும் மீசை இல்லாமல் இன்னொரு ஆளாகவும் ஏமாற்றும் ரஜினி. கடைசியில் வக்கீலாகக் கமல் வேறு வந்து நிற்பார். முடிகிற நேரத்திலும் படத்துக்குக் குறும்பு போகவில்லை. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) இன்னும் ஒரு படி மேல். யார் எந்தக் கமல் என்ற குழப்பம்தான் அந்தப் படத்தின் உயிர். கிளைமாக்ஸில் அந்தக் குழப்பத்தை அப்படியே தூக்கி, மலை விளிம்பில் ஆடும் ஒரு வீட்டுக்குள் போட்டுவிட்டார்கள். சாப்ளினின் 1925-ஆம் வருடத்து ‘தி கோல்ட் ரஷ்’ஷில் ஆடிய குடிசை ஞாபகம் வரும். வரட்டுமே. யார் எந்தப் பக்கம் நகர்ந்தால் வீடு எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, வில்லன் என்ன ஆனான் என்ற கவலையே நமக்கு வராது.

அறுந்து நின்றாலும் சம்மதம் என்றேனே, அது ‘மான்ட்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்’ (1975) படத்தை நினைத்துச் சொன்னது. ஆர்தர் ராஜா பெரும்படையோடு போருக்குப் பாய்கிறார். இந்தக் காலத்துப் போலீஸ் வண்டி வந்து நின்று அவரைக் கைது செய்கிறது. ஒரு போலீஸ்காரர் கேமராவைக் கையால் மறைக்கிறார், அவ்வளவுதான் படம். ஏமாற்றிவிட்டார்கள் என்று நீ கத்துவாய். ஆனால் படத்தின் நடுவிலேயே, விளக்கம் சொல்ல வந்த ஒரு சரித்திர ஆசிரியரைக் குதிரைவீரன் ஒருவன் வெட்டிவிட்டுப் போவான். போலீஸ் அப்போதிருந்தே துப்பு துலக்கிக்கொண்டுதான் வருகிறது. கடைசிவரை கிறுக்குத்தனத்தை விடாத அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு இடத்தில்தான் என் வாதம் ஆட்டம் காண்கிறது. ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ (1986), மனிதனைத் தின்னும் செடியைப் பற்றிய பாட்டும் கூத்துமான படம். முதலில் எடுத்த முடிவில் நாயகன், நாயகி இருவரையும் செடி விழுங்கிவிடும், பிறகு ஊரையே அழிக்கும். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு அது அறவே பிடிக்கவில்லை. இயக்குநர் ஃபிராங்க் ஆஸ் இருவரும் பிழைத்து வாழ்வதாக வேறு முடிவு எடுத்து வெளியிட்டார். அவர் பின்னால் சொன்ன காரணம் நியாயமானது. நாடக மேடையில் செத்தவர்கள் திரை விழுந்ததும் எழுந்து வந்து வணங்குவார்கள், சினிமாவில் செத்தால் செத்ததுதான். பழைய முடிவும் 2012-இல் டிஸ்க்கில் வந்துவிட்டது. என் கொள்கைப்படி அதைத்தான் நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். என்ன செய்வது, அந்த இரண்டு பேரும் பிழைத்தால் தேவலை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

சரி, மொத்தப் படமும் வேஸ்ட் என்றாயே, அதற்கு வருகிறேன். ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையா நடுங்குவாரே, அதைச் சொன்னால் சிரிக்காதவர் உண்டா? ஆனால் அந்தப் படத்தின் கடைசிக் காட்சி எது என்று கேட்டுப் பார், பாதிப் பேர் மேலே பார்த்து யோசிப்பார்கள். நீ முதல் ஒன்றரை மணி நேரம் சிரித்த சிரிப்பை எந்தக் கிளைமாக்ஸும் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போக முடியாதம்மா. சொதப்பலைத் திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன். முன்னால் இருந்ததை ஏன் அதோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறாய்?

இந்த வார இறுதியில் நேரம் இருந்தால் ‘க்ளூ’ (1985) பார். கொலைகாரர் யார் என்பதற்கு மூன்று முடிவுகள் எடுத்து, தியேட்டருக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்பினார்கள். வீடியோவில் மூன்றும் வரிசையாக வரும். அம்மாவுக்கு முதல் முடிவுதான் சரியாம். எனக்கு மூன்றாவது. நீ எந்தப் பக்கம் என்று எழுது. நடுவில் நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே, நான் கேள்வி கேட்பேன்.

அன்புடன்,
அப்பா