ஜூலையா, ஆகஸ்டா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 சி.கே.யை ஜூலையில் எழுதுவதா, ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளுவதா என்று கேட்டிருந்தாய். ரூம்மேட் ஜூலை முதல் வாரத்துக்கு புக் பண்ணப் போகிறாள் என்பதையும் கூடவே எழுதியிருந்தாய். அவள் தேதி அவளோடு இருக்கட்டும். நீ செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணு.

எராஸில், அதாவது ரெசிடென்சி என்கிற மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தளத்தில், விண்ணப்பத்தை செப்டம்பர் தொடக்கத்திலேயே சமர்ப்பிக்கலாம் என்றாலும், அந்தப் பயிற்சி தரும் ப்ரோக்ராம்கள் அதைத் திறந்து பார்ப்பது செப்டம்பர் கடைசி வாரத்தில்தான். 2024-ல் 25ஆம் தேதி, 2025-ல் 24ஆம் தேதி. அன்றைக்கு உன் ஸ்கோர் உள்ளே இருக்க வேண்டும். 2022 ஜனவரி 26-லிருந்து ஸ்டெப் 1-க்கு வெறும் பாஸ், ஃபெயில் மட்டும்தான். அதனால் வெளிநாட்டில் படித்து வருகிறவர்களைச் சலித்தெடுக்க அவர்களுக்கு மிஞ்சியிருக்கிற எண் ஸ்டெப் 2 சி.கே.தான். ஸ்கோர் வராத விண்ணப்பத்தை, பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினால் அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை. இன்டர்வியூ இடங்கள் அதற்குள் நிரம்பிவிடும்.

பரீட்சை எழுதி மூன்று, நான்கு வாரத்தில் ஒரு புதன்கிழமை ரிசல்ட் வரும். சில பருவங்களில் இழுக்கும். எட்டு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பரீட்சை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். ஜூலை நடுவில் எழுதினால் எட்டு வாரம் இழுத்தாலும் செப்டம்பர் நடுவில் ஸ்கோர் கையில். ஆகஸ்ட் நடுவில் எழுதினால் ஐந்து வாரத்துக்குள் வந்தால்தான் சரி. ஆகஸ்ட் 20-க்கு மேல் எழுதுவது, வந்தால் வரட்டும் என்று விடுவது. அதற்கு என் சம்மதம் கிடையாது.

ஆகவே உனக்கு ஜூலை இரண்டாவது வாரம். ஆனால் எலிஜிபிலிட்டி பீரியடை, அதாவது எந்தத் தேதிகளுக்குள் எழுதலாம் என்கிற காலத்தை, கேட்கும்போது ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என்று எடு. அது மூன்று மாதம்தான் கிடைக்கும். மே முதல் ஜூலை என்று எடுத்துவிட்டால், ஆகஸ்ட் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போட நினைத்தால்கூட நீட்டிப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். தேர்வு எழுதும் பர்மிட் வந்த அன்றே சென்னை ப்ரோமெட்ரிக் தேர்வு மையத்தில் இடம் பிடித்துவிடு. எல்லோரும் கேட்கிற மாதங்கள் இவை. தேதியை மாற்றும் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும், கடைசி ஐந்து நாளில் மிக அதிகம். அதனால் மாற்றுவதா வேண்டாமா என்பதை ஜூன் 20-க்குள் முடிவு செய்துவிட வேண்டும்.

அந்த முடிவை எதை வைத்து எடுப்பது? படித்து முடித்த மாதிரி இருக்கிறதா என்பதை வைத்து எடுக்காதே. அந்த உணர்வு கடைசி நாள் வரை வராது. மே நடுவில் ஒரு என்.பி.எம்.இ. செல்ஃப் அசெஸ்மென்ட் (மாதிரித் தேர்வு), ஜூன் முதல் வாரம் இன்னொன்று, ஜூன் 18 வாக்கில் மூன்றாவது. மூன்றையும் காலை எட்டு மணிக்கு, நேரம் வைத்து, போனை வேறு அறையில் போட்டுவிட்டு எழுது. கடைசி இரண்டும் நீ நினைக்கிற எண்ணைத் தொட்டால் ஜூலையில் போய் எழுது. ஃப்ரீ 120 என்கிற இலவச மாதிரிக் கேள்விகளைப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் வரை தொடாதே.

பாஸ் மார்க் 2025 ஜூலையிலிருந்து 218. அமெரிக்க மாணவர்கள் முதல் தடவை எழுதும்போது வாங்குகிற சராசரி 250-ஐ ஒட்டி. மாதிரித் தேர்வில் 225, 230 என்றே நின்றுகொண்டிருந்தால் எழுதவே எழுதாதே, இந்த வருஷம் போனாலும் பரவாயில்லை. ஃபெயில் ஆனால் அது டிரான்ஸ்கிரிப்டில் காலத்துக்கும் இருக்கும், எத்தனை தடவை எழுதினாய் என்று எல்லா ப்ரோக்ராமும் பார்க்கும். குறைந்த மார்க்கில் பாஸானால் அதுவும் சிக்கல்தான். பாஸான பரீட்சையை மார்க் ஏற்றுவதற்காக மறுபடி எழுத விடமாட்டார்கள். 240-ஐத் தாண்டிவிட்டு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றினால் மூன்று வாரம் தள்ளு, ஆகஸ்ட் முதல் வாரத்தோடு நிறுத்து. ஐந்தாறு மார்க்குக்காக ஒரு வருஷத்தைக் கொடுக்காதே.

இப்போது நாள் கணக்கு. யு வேர்ல்ட் கேள்வி வங்கியில் நாலாயிரம் கேள்விக்கு மேல் இருக்கிறது. ஹவுஸ் சர்ஜன்ஷிப் மார்ச்சில் முடிகிற வரை நாளுக்கு இருபது, நைட் டியூட்டி அன்று ஒன்றும் வேண்டாம். அப்படியே மார்ச் கடைசிக்குள் ஆயிரத்து ஐநூறு ஓடிவிடும். ஏப்ரலிலிருந்து நாளுக்கு நாற்பது, வாரம் ஒரு நாள் ஓய்வு. ஜூன் நடுவில் முடியும். நாற்பது கேள்வி போட ஒரு மணி நேரம் ஆகும், அதைத் திருப்பிப் பார்க்க மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணியைக் குறைக்காதே. நாளுக்கு நூற்றிருபது போடுகிறேன் என்பவர்கள் குறைப்பது அதைத்தான்.

வார்டிலிருந்து நேரே போய் எழுத முடியாது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள். வியட்நாமிலிருந்து அமெரிக்கா வந்து இரண்டு வருஷம் ஆன ஒருவர், தொந்தரவு எதுவும் இல்லை, தோலில் போட்ட டி.பி. டெஸ்ட் 12 மில்லிமீட்டர், சின்ன வயதில் பி.சி.ஜி. போட்டிருக்கிறார். அடுத்து என்ன? நம் ஊர் வார்டில் பழகிய கைக்கு, பி.சி.ஜி.யால் வந்தது, விட்டுவிடலாம் என்று தோன்றும், இல்லையென்றால் நான்கு மருந்தையும் தொடங்கத் தோன்றும். அங்கே பி.சி.ஜி.யைக் கணக்கில் எடுப்பதில்லை. டி.பி. அதிகமுள்ள நாட்டிலிருந்து வந்து ஐந்து வருஷம் ஆகாதவருக்கு 10 மில்லிமீட்டரே பாசிட்டிவ். அடுத்தது மார்பு எக்ஸ்ரே. அது சுத்தமாக இருந்தால் உள்ளே உறங்கும் தொற்றுக்கு மருந்து: ரிஃபாம்பிசின் நான்கு மாதம், இல்லையென்றால் ஐசோநயசிட், ரிஃபாபென்டின் இரண்டும் வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம். உனக்கு டி.பி. தெரியாமல் இல்லை. அவர்கள் எந்த வரிசையில் யோசிக்கிறார்கள் என்பதற்குக் கை பழக வேண்டும். ஸ்கிரீனிங், தடுப்பூசி, எதிக்ஸ், பயோஸ்டாட்ஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான். அந்தப் பழக்கத்துக்குத்தான் ஏப்ரல் முதல் ஜூன் வரை முழுசாகக் கேட்கிறேன்.

ஸ்கோர் தாமதமாக வந்தால் ஒன்று ஞாபகம் வை. எராஸில் அது தானாகச் சேராது. நீயே உள்ளே போய் டிரான்ஸ்கிரிப்டை மறுபடி அனுப்ப வேண்டும்.

அப்புறம் காகிதங்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தேவையான ஈ.சி.எஃப்.எம்.ஜி. சர்டிஃபிகேட்டுக்கு பல்கலைக்கழகத்தின் இறுதி டிகிரி சர்டிஃபிகேட் வேண்டும், ப்ரொவிஷனல் செல்லாது. பட்டமளிப்பு விழா எப்போது என்று இப்போதே விசாரித்து வை. ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வையும் மறக்காதே. பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் வாரத்திலோ ப்ரோக்ராம்களை விருப்ப வரிசையில் கொடுக்கிற ரேங்க் லிஸ்ட் மூடுவதற்குள் தேவையான தேர்வுகள் எல்லாம் பாஸாகி இருக்க வேண்டும். எச்-1பி விசா கொடுக்கிற ப்ரோக்ராம்தான் வேண்டும் என்றால் ஸ்டெப் 3-யும் சேரும், அது அமெரிக்காவில் மட்டும்தான் எழுத முடியும். இந்த வருஷம் ஜே-1 விசா போதும் என்பது என் எண்ணம்.

பரீட்சை அன்று ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும். இடைவேளை மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. தேர்வு முறையை விளக்கும் டுடோரியலை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போய் அங்கே தாண்டினால் அந்த நேரமும் அதோடு சேரும். வெளியே வந்து உள்ளே போகும் சோதனை நேரமும் இந்தக் கணக்கிலேயே கழியும். மதியத்துக்குத் தயிர்சாதம் வேண்டாம், கண் சொக்கும். இரண்டு இட்லியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போ.

முதலில் செய்ய வேண்டியது உன் பெயர். மார்க் ஷீட்டில் முன்னால் ஓரெழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து சர்நேம் ஆகியிருக்கிறது. பர்மிட்டில் உள்ள பெயரும் நீ காட்டுகிற அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் போட்டோ எடுத்து இன்று ராத்திரியே எனக்கு அனுப்பு. டியூட்டி இல்லாத அன்று போன் பண்ணு, தேர்வு விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பலாம்.

அம்மா