மரியம் என்றுதான் சொன்னாய்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வள்ளியூர் வயலில் இந்த முறை வாழை போட்டிருக்கிறோம். மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. விசேஷம் உன் பக்கத்தில்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயரைச் சொன்னாய், உடனே மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். அதிலிருந்து நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை.

மரியம் என்றுதான் சொன்னாய். நீ வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, இந்தக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை. கோட்டயத்துச் சிரியன் கிறிஸ்தவ வீட்டிலும் அந்தப் பெயர் உண்டு, காயல்பட்டினத்து முஸ்லிம் வீட்டிலும் உண்டு. யாராக இருந்தாலும், கல்யாணம் என்று வந்தால் எந்த மதத்தில் எது செல்லும், எது செல்லாது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சார்பதிவாளர் நாற்காலியில் இருந்தவள் பெற்ற பிள்ளை விவரம் தெரியாமல் எங்கேயோ போய்க் கையெழுத்துப் போட்டான் என்று இருக்கக் கூடாது.

நம் முறையில் கல்யாணம் ஒரு சடங்கு. 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம், சப்தபதி வழக்கம் உள்ளவர்களுக்கு ஏழாவது அடி வைத்ததும் கல்யாணம் முடிந்தது என்கிறது. நம் பக்கம் தாலிதான். தமிழ்நாட்டில் 1967-இல் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். புரோகிதரும் அக்னியும் இல்லாமல், உறவுக்காரர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் அதற்கு முன்பே அப்படித்தான் நடந்தது. அந்தச் சட்டம் பழைய சுயமரியாதைக் கல்யாணங்களுக்கும் சேர்த்துச் செல்லுபடி கொடுத்தது. இதில் எல்லோரும் தவறுவது ஒன்று உண்டு. சடங்கு எதுவும் செய்யாமல் பதிவுச் சான்று மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் அது இந்துக் கல்யாணம் ஆகாது. உச்ச நீதிமன்றம் 2024-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இஸ்லாத்தில் நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். ஒரு பக்கம் கேட்பது, மறுபக்கம் சம்மதிப்பது, இரண்டும் ஒரே அமர்வில், சாட்சிகள் காதில் விழும்படி நடக்க வேண்டும். மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. அது அவளுடைய சொத்து, அவள் அப்பாவுக்கு அதில் பங்கு கிடையாது. உடனே கொடுப்பது, பிறகு கொடுப்பது என்று இரண்டாகவும் பிரித்து எழுதலாம். குறைந்தபட்சம் 10 திர்ஹம், அதாவது ஏறக்குறைய 30 கிராம் வெள்ளியின் மதிப்பு, இருக்க வேண்டும் என்பது ஹனஃபி என்ற சட்டப் பிரிவின் முறை. ஷாஃபி என்ற இன்னொரு பிரிவின் முறையில் குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி. வித்தியாசம் மஹரோடு நிற்காது. வயது வந்த பெண் தானே சம்மதம் சொல்லிக் கட்டிக்கொள்ள ஹனஃபியில் இடம் உண்டு. ஷாஃபியில் வலீ, அதாவது பெண்ணின் அப்பாவோ அந்த இடத்தில் இருக்கும் ஆணோ, முன்னின்று செய்து கொடுத்தால்தான் நிக்காஹ்.

கத்தோலிக்கருக்குக் கல்யாணம் திருவருட்சாதனம், அதாவது இறையருள் தரும் புனிதச் சடங்கு, ஒரு தடவை கட்டினால் அவிழ்க்க முடியாதது. விவாகரத்து என்று திருச்சபையில் கிடையாது. ஆரம்பத்திலேயே குறை இருந்தது, அதனால் கல்யாணமே நடக்கவில்லை என்று திருச்சபை நீதிமன்றம் தீர்மானிப்பது மட்டும் உண்டு. நம்மூர் லத்தீன் முறையில் மணமக்களின் சம்மதம்தான் அருட்சாதனத்தை உண்டாக்குகிறது, குருவானவர் சபையின் சாட்சி. கேரளத்துச் சிரியன் கத்தோலிக்கரின் சீரோ மலபார் முறையில் குருவின் ஆசீர்வாதம் இல்லாமல் கல்யாணம் இல்லை. அவர்களுக்குச் சட்டத்தொகுப்பே வேறு, 1990-இல் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தேவாலயத்தில் ஓலை வாசிப்பார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிப்பார்கள், தயாரிப்பு வகுப்புக்கும் போக வேண்டியிருக்கும்.

சீக்கியர்கள் தங்கள் வேதமான குரு கிரந்த் சாஹிபை நான்கு முறை வலம் வருவார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு லாவன் பாடல். யூதர்கள் பந்தலின் கீழ் மோதிரம் போட்டு, கெதுபா என்ற ஒப்பந்தத்தை வாசித்து, ஏழு ஆசிகள் சொல்வார்கள். பௌத்தத்தில் கல்யாணம் உலகியல் காரியம், பிக்கு வந்து ஆசி கொடுப்பதோடு சரி. இவையெல்லாம் உனக்கு வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் கழுத்தில் ஏறுவதைப் பார்த்தால் நாம் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து வீடு என்று தெரியும். சிரியன் கிறிஸ்தவர்கள் கட்டுவது மின்னு. சின்ன இலை வடிவத் தங்கம், மேலே பொன்மணிகளால் ஒரு சிலுவை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் மந்திரகோடிப் புடவையிலிருந்து ஏழு இழை உருவி, முறுக்கி, அந்த நூலில்தான் மின்னைக் கோர்ப்பார்கள். பிறகுதான் அது தங்கச் சங்கிலிக்கு மாறும். தமிழ்க் கத்தோலிக்கர் தாலியைக் குருவானவர் மந்திரித்துக் கொடுப்பார். முஸ்லிம் வீடுகளில் பல ஊர்களில் கருகமணி, அதை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கட்டிவிடுவார்கள். ஆச்சி கேட்டால் இதைச் சொல். சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தால் அவள் பாதி சமாதானம் ஆகிவிடுவாள்.

மாமா மகள் பேச்சு முடிந்துபோன பேச்சு, அதை இழுக்கவில்லை. ஆனால் முறை என்பது எவ்வளவு மாறுகிறது பார். நமக்கு மாமன் மகள் முறைப்பெண், சித்தப்பா மகள் தங்கை. இஸ்லாத்தில் மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா யார் பிள்ளையாக இருந்தாலும் கட்டலாம், அக்கா மகளைக் கட்டக் கூடாது. ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகளும் உடன்பிறந்த கணக்குதான், கட்டக் கூடாது. கத்தோலிக்கத்தில் மாமன் மகள், சித்தப்பா மகள் எல்லாமே தடை, மேற்றிராணியார், அதாவது பிஷப், விலக்கு கொடுத்தால்தான் உண்டு.

இனி முக்கியமான விஷயம். இரண்டு மதம் என்றால் எங்கே எது தடுக்கும்?

கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உன் கூட்டாளிகள் சொல்வார்கள். கேட்காதே. இந்துத் திருமணச் சட்டத்தில் இரண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியர் அதில் அடக்கம், கிறிஸ்தவரும் முஸ்லிமும் இல்லை. ஒரு இந்துவும் கிறிஸ்தவரும் அந்தச் சட்டப்படி செய்த கல்யாணம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 7-ஏ பிரிவுக்கும் அதே நிபந்தனைதான்.

பெண் கத்தோலிக்கர் என்றால் நீ நீயாகவே இருந்து தேவாலயத்தில் கட்டலாம். மேற்றிராணியாரிடம் விலக்கு வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வதாக அவள் வாக்குக் கொடுப்பாள். நீ வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அவள் கொடுத்தது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. இதை இப்போதே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்த பிறகு பேசினால் சித்தி வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

பெண் முஸ்லிம் என்றால், முஸ்லிம் ஆண் கிறிஸ்தவ, யூதப் பெண்ணைக் கட்ட சன்னி சட்டத்தில் இடம் உண்டு, முஸ்லிம் பெண் வேற்று மதத்தவரைக் கட்ட இடம் இல்லை. அதனால் நிக்காஹ் என்றால் உன்னைக் கலிமா, அதாவது இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி, சொல்லச் சொல்வார்கள். நம்பிச் சொல்பவனுக்கு அது பெரிய காரியம், நேரம் மட்டும் சில நிமிஷம். பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் என்றால் மாதக்கணக்கில் படிப்பு உண்டு, பெரும்பாலும் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில்தான் கொடுப்பார்கள். கலிமாவை ஏற்கெனவே சொல்லிவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. நம்பிச் சொன்னால் அது உன் மனசாட்சி, அதில் நான் தலையிட முடியாது. கையெழுத்துக்காகச் சொல்லாதே. அது அவர்கள் வேதத்துக்கும் மரியாதை இல்லை, உன்னை வளர்த்த வீட்டுக்கும் மரியாதை இல்லை.

யாரும் மாற வேண்டாம் என்றால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. உங்களில் ஒருவர் 30 நாளாவது அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததும் அதை அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார்கள். 30 நாள் கழிந்த பிறகுதான் கல்யாணம். நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து கொடுக்க வேண்டும். ஆட்சேபம் யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் காரணம் இவைதான்: வேறு கல்யாணம் உயிரோடு இருக்கிறது, மனநிலை சரியில்லை, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகவில்லை, தடைசெய்த உறவு. மதம், சாதி, பெற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் ஆட்சேபமே இல்லை. அப்படி யாராவது உன்னை மிரட்டினால் 4-ஆம் பிரிவைப் படிக்கச் சொல்.

இன்னொன்று. உன் ஆதாரில் நிரந்தர முகவரி நம் வீடு. நிரந்தரமாக வேறு மாவட்டத்தில் இருப்பவர் என்றால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துத் திருமண அலுவலருக்குப் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். 6-ஆம் பிரிவு. நீ பெங்களூரில் கொடுப்பது இங்கே, நான் வேலை பார்த்த இடத்துப் பலகையில் வந்து நிற்கும். டீக்கடைக்கு வரும் பத்திர எழுத்தர்கள் படித்துவிட்டு அப்பாவிடம் வந்து கேட்பார்கள். இரண்டு பேரும் விரும்பாவிட்டால் ஒட்ட வேண்டியதில்லை என்று 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அது கர்நாடகத்தையோ தமிழ்நாட்டையோ கட்டுப்படுத்தாது. நீ எதை வேண்டுமானாலும் செய் ராசா, சொல்லிவிட்டுச் செய். பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே.

வேலையில் நீ கெட்டிக்காரன், உன் மேனேஜர் பாராட்டி எழுதியதை அப்பா எல்லோரிடமும் காட்டுகிறார். காகித விஷயத்தில் மட்டும் எப்போதும் அலட்சியம். ஆதாரில் செந்தில், பத்தாம் வகுப்புச் சான்றில் செந்தில்குமார், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால். நோட்டீஸில் ஒரு பெயர், சான்றில் ஒரு பெயர் என்றால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். மரியத்தின் ஞானஸ்நானப் பெயரோ வீட்டுப் பெயரோ வேறாக இருந்தால் அதையும் பார். முதலில் அதைச் சரிசெய்.

சொத்து. வேற்று மதத்துப் பெண்ணைச் சிறப்புச் சட்டப்படி கட்டினால் நீ கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவன் ஆவாய், 19-ஆம் பிரிவு. பங்கு போய்விடாது, பிரிந்த பங்காக உனக்கு வரும். சித்தப்பா வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதே. அதன் பிறகு உன் சொத்துக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இந்துச் சட்டத்தில் அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, இதில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது, அவளுக்குத்தான் போக வேண்டும். நீ மதம் மாறினாலும் உன் உரிமை போகாது. மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை இல்லை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. அது உயில் இல்லாமல் போனால்தான். என் பெயரில் இருக்கும் வீட்டுக்கு நான் உயில் எழுதிப் பதிவு செய்துவிடுகிறேன். பேரப்பிள்ளை யார் மடியில் எந்தப் பெயரோடு வளர்ந்தாலும் இந்த வீட்டில் பங்கு உண்டு.

தேதியையும் பார்த்துக்கொள். அப்பாவுக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. சிரியன் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய 50 நோன்பிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய 25 நோன்பிலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ரமலானில் நிக்காஹ் தடை இல்லை, ஆனால் பகலில் விருந்து போட முடியாது, அது வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும்.

பதிவு அன்றைக்கு அலுவலர் முன்னால் மணமக்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாக வாயால் சொல்ல வேண்டும். மாலை, தாலி, மோதிரம் எதுவும் கட்டாயமில்லை. அந்தச் சொல்லும் 3 சாட்சிகளும் இல்லாமல் முடியாது. அப்பாவிடம் பேசிவிட்டேன். எங்கள் இரண்டு பேரின் ஆதாரும் தயாராக இருக்கிறது. மூன்றாவது ஆளாக அவள் வீட்டிலிருந்து யாராவது வந்தால் நல்லது. ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், தேதியை மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா